பாடம் கேட்க உட்கார்ந்த நீதிபதி: பண்பொழிப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன?

பண்பொழி மாதிரி ஒரு ஊரில் இருபது வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டால், சேதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர அரை நாள்கூட ஆகாது. டீக்கடை, ரேஷன் கடை வரிசை, திருமலைக் குமாரசாமி கோயில் படிக்கட்டு என்று எங்கே நின்றாலும் ஒரே கேள்விதான்: "யாரு கூட போச்சாம்?" ஒரு பெண் பையனோடு போயிருந்தால் அடுத்து சாதியை விசாரிப்பார்கள். பெண் பெண்ணோடு போயிருந்தால், பையன் பையனோடு போயிருந்தால், அடுத்து என்ன கேட்பது என்று ஊருக்கே தெரியாது. பெற்றோருக்கு அதைவிடத் தெரியாது. "காணவில்லை" என்று ஒரு மனுவை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள்.

அந்த மனுவை வாங்கும் போலீஸ்காரர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? 2021 ஜூன் மாதம்வரை இதற்குத் தமிழ்நாட்டில் எழுதி வைத்த பதில் கிடையாது. இன்ஸ்பெக்டரின் குணத்தைப் பொறுத்தது. பெற்றோருக்கு ஆள் பலம் உண்டா என்பதைப் பொறுத்தது. இப்போது பதில் இருக்கிறது. அதை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். 2023இல் அமைச்சர்கள், முன்னாள் அமைச்சர்கள் விடுவிக்கப்பட்ட வழக்குகளைத் தாமாக முன்வந்து மீண்டும் கையில் எடுத்தவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் செய்த காரியம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்.

மதுரையில் தொடங்கிய வழக்கு

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள். இருவரும் பதினெட்டைத் தாண்டியவர்கள். ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்குக் கிளம்பிப் போய், தொண்டு அமைப்புகளின் உதவியோடு தங்கினார்கள். இரண்டு வீட்டாரும் மதுரையில் காணவில்லை என்று புகார் கொடுக்க, தனித்தனியாக வழக்குகள் பதிவாயின. தங்கியிருந்த இடத்துக்கே போலீஸ் விசாரணைக்குப் போனது. பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

இப்படிப்பட்ட மனுக்களை முடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. "இருவரும் மேஜர், போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது" என்று இரண்டே வரியில் உத்தரவு போட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடலாம். சட்டப்படி அதில் தப்பு சொல்ல முடியாது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு, மனமொத்த பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது.

ஆனந்த் வெங்கடேஷ் அதோடு விடவில்லை. 2021 மார்ச்சில் அந்தப் பெண்களைத் தம் அறையில் வைத்துப் பேசினார். பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார். பெண்கள் தெளிவாக இருந்தார்கள். கலங்கிப் போயிருந்தவர்கள் பெற்றோர்தான். ஊர் என்ன பேசும், வம்சம் என்னாகும், நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு யார் துணை என்பதெல்லாம் அவர்களுக்குக் கவலை. இப்படி வாழ்வதைவிட மகள்கள் கடைசிவரை தனியாகவே இருந்துவிடட்டும் என்ற அளவுக்கு அவர்கள் நினைத்ததையும் உத்தரவு பதிவு செய்கிறது. அதைப் பதிவு செய்த விதத்தில் ஏளனம் இல்லை. இரண்டு தரப்பையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் கலந்தாலோசனைக்கு அனுப்பினார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த வழக்கை மற்ற வழக்குகளிலிருந்து பிரிக்கிறது.

"எனக்கும் சொல்லிக் கொடுங்கள்"

2021 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட உத்தரவில் நீதிபதி எழுதியதன் சாரம் இது: இந்த விஷயத்தில் தமக்கே முழுத் தெளிவு இல்லை, தீர்ப்பின் சொற்கள் மூளையிலிருந்து வராமல் மனசிலிருந்து வர வேண்டும், அதற்குத் தாமும் அதே உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். சொன்னபடி போய் உட்கார்ந்தார். கர்நாடகத்தைச் சேர்ந்த மருத்துவரும் திருநங்கையுமான திரிநேத்ரா ஹல்தார் கும்மராஜுவோடும் பேசினார்.

ஜூன் 7ஆம் தேதி வந்த விரிவான உத்தரவில், தன்பாலீர்ப்பை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தாமும் ஒருவர் என்பதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வித்யா தினகரனையும் திரிநேத்ராவையும், அறியாமை இருட்டிலிருந்து தம்மை வெளியே இழுத்த குருக்கள் என்றே குறிப்பிட்டார். அறியாமையைக் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்றும் எழுதினார்.

நம் ஊரில் ஒரு கிராம நிர்வாக அலுவலர்கூட "இது எனக்குத் தெரியாது" என்று லேசில் சொல்லிவிட மாட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், தன்னைவிட வயதில் இளையவர்களிடம், அதிலும் ஒரு திருநங்கையிடம், கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று தீர்ப்பிலேயே எழுதி வைப்பது சாதாரணக் காரியம் இல்லை. தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களுக்காகப் பேசும் பிரபலங்கள் பலர் உண்டு. நடிகர்கள் பேட்டியில் பேசுகிறார்கள், எழுத்தாளர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எல்லாம் தெரிந்த இடத்திலிருந்து பேசுகிறவர்கள். தெரியாத இடத்திலிருந்து புறப்பட்டு, வழியையும் எழுதிக் காட்டியவர் இவர். பண்பொழியில் இருக்கும் ஒரு அப்பாவுக்கு இந்த இரண்டாவது வகை ஆள்தான் உதவுவார். ஏனென்றால் அந்த அப்பாவும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

உத்தரவில் என்ன இருக்கிறது?

முதலில் போலீஸ். காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரணையில் அவர்கள் மனமொத்த வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். பெற்றோரோடு கட்டாயப்படுத்தி அனுப்பி வைக்க இதில் இடமில்லை.

இது வெறும் அறிவுரையாகவும் நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, 1964ஆம் ஆண்டின் சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது. பால்புதுமைச் சமூகத்தினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படியான விசாரணை இதில் சேராது. ஆனால் மீறினால் துறை நடவடிக்கைக்கு வழி உண்டு. சென்னை மெரினாவுக்கு எப்படியோ, தென்காசி மாவட்டத்தின் கடைசி ஸ்டேஷனுக்கும் அப்படியே.

இரண்டாவது, "குணப்படுத்தும்" வைத்தியம். தன்பாலீர்ப்பை மருந்தாலோ சிகிச்சையாலோ மாற்ற முயல்வதை அந்த உத்தரவு தடை செய்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் நம் மருத்துவ மாணவர்கள் படித்த தடயவியல் பாடப் புத்தகங்களில் அது வக்கிரம், பாலியல் குற்றம் என்ற வரிசையில் இருந்தது. இதையும் நீதிமன்றம் கையில் எடுத்தது. 2021 அக்டோபரில், இழிவான பகுதிகளைத் தவிர்க்கும்படி தேசிய மருத்துவ ஆணையம் பல்கலைக்கழகங்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில், இப்படி மாற்றும் சிகிச்சை கொடுப்பது மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. நாடு முழுக்கப் பொருந்தும் ஒரு மாற்றம், மதுரைப் பெண்கள் இருவரின் மனுவிலிருந்து வந்திருக்கிறது.

மூன்றாவது, சொற்கள். பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் இவர்களைக் குறிக்க ஆளுக்கொரு வார்த்தை போட்டுக்கொண்டிருந்தன; பாதி வார்த்தை வசவு. மரியாதையான சொல் பட்டியல் ஒன்று வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. சின்ன விஷயமாகத் தோன்றலாம். "ஒம்போது" என்று கூப்பிடப்பட்டே பள்ளிக்கூடம் முடித்த பையனைக் கேட்டால் தெரியும், வார்த்தை சின்ன விஷயமா இல்லையா என்று.

"கால்கட்டு போட்டா சரியாயிடும்"

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. வீடு எங்கே இருக்கிறது?

மகனோ மகளோ விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் முதலில் வரும் யோசனை, கல்யாணம். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்." சரியாவதில்லை. ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணோ பையனோ அந்தக் கட்டில் வந்து மாட்டுகிறார். இரண்டாவது யோசனை, யாராவது மந்திரித்துக் கயிறு கட்டுவது. மூன்றாவது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். மாதம் ஒரு முறை லாட்ஜில் அறை போட்டு "சகல பாலியல் குறைபாடுகளுக்கும்" வைத்தியம் பார்க்கிறவர்.

உத்தரவின் பலவீனமான இடமும் இதுதான். தேசிய மருத்துவ ஆணையத்தின் கடிதம் ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர்களைத்தான் கட்டுப்படுத்தும். லாட்ஜ் வைத்தியரை அது ஒன்றும் செய்யாது. கயிறு கட்டுகிறவரை எந்தக் கவுன்சிலும் கூப்பிட்டுக் கேட்காது. பெரிய நகரத்தில் மனநல மருத்துவரைத் தேடிப் போகும் குடும்பத்துக்கு வந்த பாதுகாப்பு, செங்கோட்டை வட்டத்து ஊர்களுக்கு அதே அளவில் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. போலீஸ் பற்றிய பகுதி முழுக்க வயது வந்தவர்களுக்கானது. பதினைந்து பதினாறு வயதில்தான் பிள்ளைக்குத் தன்னைப் பற்றித் தெரிய வருகிறது. வகுப்பில் கேலியும் அப்போதுதான் உச்சம். அந்த வயதுக்குப் பள்ளிக்கூடத்தைத்தான் நம்ப வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலேயே பெற்றோருக்கு இதைப் பற்றிச் சொல்லுங்கள், பாலினம் பாராத கழிப்பறை வையுங்கள் என்றெல்லாம் உத்தரவு சொல்கிறது. ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது? திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காகத் தயாரித்த பயிற்சிக் கையேட்டை, எதிர்ப்பு கிளம்பியதும் என்சிஇஆர்டி தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. இப்படி அவசரப்பட்டுப் பின்வாங்கியதை ஆனந்த் வெங்கடேஷ் அடுத்த மாத உத்தரவிலேயே கண்டித்தார். அரையாண்டு மார்க் பேசுவதற்கே நேரம் போதாத பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து இதைப் பேச வேண்டுமானால், அவர் கையில் துறையின் தாள் ஒன்று இருக்க வேண்டும்.

நான்கு வருஷம் கழித்து

எழுதி வைத்த விதி ஸ்டேஷனில் வேலை செய்கிறதா என்பதற்கு 2025இல் ஒரு பதில் கிடைத்தது. நல்ல பதில் இல்லை. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மனுவில் தன்னை "நெருங்கிய தோழி" என்றுதான் சொல்லிக்கொண்டார். உறவைப் பெயர் சொல்லி எழுதத் தைரியம் வரவில்லை. அந்தத் தயக்கம் புரிகிறது என்று நீதிபதிகளே குறிப்பிட்டார்கள். நேரில் கொண்டுவரப்பட்ட பெண்ணோ வெளிப்படையாகப் பேசினார்: கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கொண்டு போனார்கள், அடித்தார்கள், "சரியாவதற்கு" என்று சடங்குகள் செய்ய வைத்தார்கள். பெற்றோரோடு போகும்படி போலீஸே வற்புறுத்தியிருந்தது. 24-சி விதி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு 2025 மே 22 அன்று போலீஸைக் கண்டித்து, அந்தப் பெண் விரும்பியவரோடு போகலாம் என்றது. குடும்பம் உருவாகக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு என்றும் சொன்னது. தீர்ப்பில் ஒரு சுவையான இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'க்வியர்' என்ற சொல்லுக்கு விநோதம் என்று பொருள். தன்பாலீர்ப்பு அவர்களுக்கு இயல்பாக இருக்கும்போது ஏன் விநோதம் என்ற பெயர் வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். இதே சுவாமிநாதன்தான் 2019இல் மதுரைக் கிளையில், தூத்துக்குடி கோயிலில் நடந்த ஒரு இளைஞர், திருநங்கை திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டவர்.

எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. யார் அவர்? ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377க்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, தன் மகனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்களே என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியவர். படித்த, வசதியான, நீதித்துறைக் குடும்பம் என்பதால் அவரால் முடிந்தது என்று சொல்லலாம். பாதி உண்மை. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதற்கு எந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம்தான். முதலில் அவர்களுக்கும் சிரமமாகத்தான் இருந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

மலைக்கு அந்தப் பக்கம்

பண்பொழியிலிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். வேலைக்கும் படிப்புக்கும் தினமும் ஆட்கள் போய் வருகிற பக்கம். அங்கே 2022 மே 31 அன்று, வீட்டார் பிரித்து வைத்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் வேறொரு வழக்கில், இதே மாதிரிப் பெண்ணைக் கலந்தாலோசனைக்கு அனுப்பி மனசை மாற்றப் பார்க்கிறார்கள் என்ற புகார் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் நெறிமுறை வகுத்தது: அடைத்து வைக்கப்பட்டவரிடம் தனியே பேசுங்கள், கலந்தாலோசனை என்ற பெயரில் அவருடைய இயல்பை மாற்ற முயலாதீர்கள். மதுரைப் பெண்களைக் கலந்தாலோசனைக்கு அனுப்பிய நீதிபதி தாமும் போய் உட்கார்ந்ததன் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. பிள்ளையை மட்டும் திருத்த அனுப்பும் கலந்தாலோசனை வேறு. எல்லோரும் கற்றுக்கொள்ள உட்காரும் கலந்தாலோசனை வேறு.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு" என்ற வாதமும் மலைக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது. சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் கதை தலைகீழ். 377வது பிரிவுதான் இறக்குமதி. பிரிட்டிஷார் 1860இல் எழுதியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

கல்யாண உரிமை மட்டும் இன்னும் இல்லை. அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அடுத்த மாதமே ஆனந்த் வெங்கடேஷ் இன்னொரு கதவைத் தட்டினார். சேர்ந்து வாழும் இருவர் "குடும்ப உறவு ஒப்பந்தம்" ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்தால் என்ன, வெளியார் தொந்தரவிலிருந்து அது ஒரு பாதுகாப்பாக இருக்குமே, அரசு யோசிக்கட்டும் என்றார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, வாடகைக்கு வீடு பிடிக்க, கையில் ஒரு தாள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கல்யாணப் பத்திரிகை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது.

ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்தால்

பதினெட்டு வயது நிறைந்தவர் என்பதற்கான சான்று கையில் இருக்கட்டும். சொந்த விருப்பத்தில்தான் வந்தேன் என்பதை எழுத்தில் கொடுக்கலாம். அதற்கு ரசீது கேட்கலாம். பெற்றோரோடு போகச் சொல்லி வற்புறுத்தினால், 2021 ஜூன் 7 உத்தரவையும் 24-சி விதியையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். இலவச வக்கீல் உதவிக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அழைக்கலாம். மனசு தாங்காமல் போகும் ராத்திரிகளுக்கு டெலி மனாஸ் 14416, தமிழக அரசின் 104 இருக்கின்றன. இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குபவை. பிள்ளை மட்டுமில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் அம்மாவும்கூட அந்த எண்களில் பேசலாம்.